முந்நூறு கிராம் வயிறு

முதல் பிறந்தநாள் முடிந்த சில வாரங்களில் பல வீடுகளில் ஒரே புகார் கிளம்பும்: "நல்லா சாப்பிட்டுட்டு இருந்த பிள்ளை, இப்ப வாயையே திறக்க மாட்டேங்குது." சிலர் சுற்றிப் போடுவார்கள். சிலர் தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போவார்கள். டாக்டரிடம் போனவர்கள் பசி எடுக்க ஒரு டானிக் எழுதித் தரச் சொல்வார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வளரும் வேகம் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையைப் பாருங்கள். நடுத்தர எடையுள்ள ஆண் குழந்தை பிறக்கும்போது 3.3 கிலோ. ஒரு வயதில் 9.6 கிலோ. இரண்டு வயதில் 12.2 கிலோ. முதல் 12 மாதத்தில் 6 கிலோவுக்கு மேல் ஏற்றிய உடம்பு, அடுத்த 12 மாதத்தில் 2.6 கிலோதான் ஏற்றுகிறது. முதல் ஆண்டைப் போலவே எடை மும்மடங்காகிக்கொண்டு போனால், இரண்டாம் பிறந்தநாளில் நம் கையில் 28 கிலோ பிள்ளை இருக்கும். ஒரு நாளுக்கு வேண்டிய மொத்த உணவு கொஞ்சம் கூடத்தான் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு கிலோ எடைக்கும் என்று வகுத்துப் பார்த்தால் தேவை இறங்குகிறது. பசியும் கூடவே இறங்குகிறது. அதே சமயம் பிள்ளை நடக்கத் தொடங்கியிருக்கிறது. கிண்ணத்தைவிட சுவாரசியமான பொருள்கள் வீடு முழுக்க இருக்கின்றன.

கவலைப்பட வேண்டிய விஷயங்கள் இந்த வயதில் உண்டு. அவை நாம் கவலைப்படும் இடத்தில் இல்லை என்பதுதான் சிக்கல். எவ்வளவு உள்ளே போயிற்று என்று வாய் வாயாக எண்ணுகிறோம். எது போயிற்று, எந்தக் கெட்டியில் போயிற்று என்பதை விட்டுவிடுகிறோம்.

முதலில் வயிற்றின் அளவு. ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் பொதுவாக எடுத்துக்கொள்ளும் கணக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு 30 கிராம். பத்துக் கிலோ பிள்ளைக்கு 300 கிராம். அது முட்ட முட்ட நிரப்பினால் பிடிக்கும் அளவு. அடுத்தது தேவை. ஒன்று முதல் இரண்டு வயது வரை ஒரு நாளுக்குச் சுமார் 900 கலோரி வேண்டும். தாய்ப்பால் தொடரும் பிள்ளையாக இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே பாலிலிருந்தே கிடைத்துவிடும். மீதி 550 கலோரி உணவிலிருந்து வர வேண்டும். மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு இடைத்தீனி என்று பிரித்தால் ஒரு வேளைக்கு 130 அல்லது 150 கலோரி போதும்.

இப்போது அடுப்படிக்கு வருவோம். நன்றாகக் குழைந்த சோறு ஒரு சிறு கைப்பிடி, அதில் பாதியளவு வெந்த பாசிப்பருப்பு, ஒரு தேக்கரண்டி நெய். மசித்தால் 100 கிராம்தான் இருக்கும். ஏறக்குறைய 150 கலோரி. ஒரு வேளை முடிந்தது! பெரியவர்கள் கண்ணுக்கு அது சாப்பாடாகவே தெரியாது, காக்காவுக்கு வைத்தது போலத் தெரியும். இன்னொரு பக்கம், ஒரு மேசைக்கரண்டி மாவில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுக் காய்ச்சிய கஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 200 மில்லி, 40 கலோரிகூடத் தேறாது. பிள்ளை மடமடவென்று குடித்துவிடும், பாட்டிக்கும் திருப்தி. வயிறு மூன்றில் இரண்டு பங்கு நிறைந்திருக்கும், உடம்புக்குக் கிடைத்ததோ கால்வாசி. பால்புட்டியின் ரப்பர் துளை வழியே இறங்கும் எந்தக் கஞ்சியும் இந்த வகைதான்.

தண்ணியாகக் காய்ச்சுவதற்கு அம்மாக்களைக் குறை சொல்ல முடியாது. மாவுச்சத்தின் குணம் அது. மாவில் உள்ள நுண்மணிகள் வெந்நீரில் ஊதிப் பெருத்து, வெடித்து, சுற்றியிருக்கும் தண்ணீரையெல்லாம் பிடித்துக்கொள்கின்றன. நூறு பங்கு கஞ்சியில் பத்துப் பங்கு மாவு சேர்ந்தாலே குடிக்க முடியாத கெட்டியாகிவிடும்; ஆறினால் இன்னும் இறுகும். இளகவைக்கக் கையில் இருக்கும் ஒரே வழி தண்ணீர் ஊற்றுவது. ஊற்ற ஊற்ற சத்து நீர்த்துப்போகும்.

இந்த முடிச்சை அவிழ்க்கும் வழி தானியத்துக்குள்ளேயே இருக்கிறது. முளைவிடும் விதை, தன் சேமிப்பான மாவுச்சத்தை உடைத்துச் சாப்பிட அமைலேஸ் என்ற நொதியை உண்டாக்குகிறது. நம் எச்சிலில் இருப்பதும் அதே இனத்தைச் சேர்ந்த நொதிதான். முளைகட்டிய கேழ்வரகு மாவை ஒரு சிட்டிகை, வெந்து கெட்டியாகி இளஞ்சூட்டைவிடச் சற்று அதிகச் சூட்டில் இருக்கும் கஞ்சியில் போட்டுக் கலக்கினால், சில நிமிடங்களில் கஞ்சி கண்ணெதிரே இளகும். நீண்ட மாவுச்சத்துச் சங்கிலிகளை நொதி துண்டு துண்டாக நறுக்கிவிடுவதால் தண்ணீரைப் பிடித்து வைக்க ஆளில்லாமல் போகிறது. ஆகவே இரு மடங்கு மாவு போட்டும் கரண்டியில் ஊட்டும் பதத்தில் வைக்கலாம். 1980களில் பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸும் அவருடைய குழுவினரும் இதை நிறைய ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் தான்சானியாவில் கிமேயா என்ற முளைமாவை வைத்து இதே ஆராய்ச்சி நடந்தது. அங்கே அதை உள்ளூர் மதுவுக்காக ஏற்கெனவே வீடுகளில் செய்துவந்தார்கள்.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு முளைகட்டிய கேழ்வரகு புதிதில்லை. இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளை எட்டிப் பார்த்ததும் நிழலில் உலர்த்தி அரைப்பது பல வீட்டில் உண்டு. அங்கன்வாடியில் தரும் சத்துமாவிலும் முளைகட்டிய கேழ்வரகு மாவு சேர்கிறது. ஆனால் ஒரு இடத்தில் காரியம் கெடும். மணம் வர வேண்டும் என்று முளைத்த தானியத்தைச் சிவக்கச் சிவக்க வறுத்தால் நொதி செத்துவிடும். அப்புறம் அது மணமான சாதாரண மாவு. லேசாகச் சூடு காட்டி அரைத்ததைத் தனி டப்பாவில் வைத்துக்கொண்டு, கஞ்சி வெந்த பிறகு கலந்து, இளகியதும் மறுபடி ஒரு கொதி விட்டு இறக்குவதே சரியான முறை. அந்தக் கடைசிக் கொதி கிருமிகளுக்காக. முளைகட்டுவதில் இன்னொரு ஆதாயமும் உண்டு: இரும்புச்சத்தைப் பிடித்துவைத்து உடம்பில் சேரவிடாமல் செய்யும் ஃபைட்டேட் குறைகிறது. இட்லி மாவு புளிக்கும்போதும் இதுவே நடக்கிறது.

இரும்பு என்றதும் நம் நாட்டின் மிகப் பெரிய ஓட்டைக்கு வந்துவிட்டோம். குழந்தை தாயின் வயிற்றிலிருந்து எடுத்து வரும் இரும்பு இருப்பு ஏறக்குறைய ஆறு மாதத்தில் கரைந்துவிடும். அதன் பிறகு சாப்பாடுதான். 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டில் 57 சதவீதம். சோற்றுக்குப் பஞ்சமில்லாத வீட்டுப் பிள்ளைகளும் இதில் உண்டு.

ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளுக்கு 8 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் பரிந்துரை. இதற்கு எதிரே பாலை நிறுத்திப் பாருங்கள். ஒரு லிட்டர் பசும்பாலில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. அதிலுள்ள கால்சியம் மற்ற உணவின் இரும்பையும் தடுக்கும். சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு, "பாலாவது குடிக்கட்டும்" என்று மூன்று நான்கு புட்டி கொடுக்கிறோம். பால் வயிற்றை அடைக்கிறது, பிள்ளை சோற்றைத் தள்ளுகிறது, இரும்பு இறங்குகிறது. இரும்பு இறங்கினால் பசியும் மந்தமாகும். மறுபடி பால். ஒரு வயதுக்கு மேல் ஒரு நாளுக்கு அரை லிட்டருக்குள் பாலை நிறுத்தி, புட்டியை ஒழித்து டம்ளரில் கொடுத்தாலே பல பிள்ளைகள் தட்டுப் பக்கம் திரும்புவதைக் குழந்தை மருத்துவர்கள் சொல்வார்கள். தேநீர் இந்த வயதில் வேண்டவே வேண்டாம். அதன் துவர்ப்பு இரும்பைக் கட்டிப்போடும்.

கேழ்வரகைப் பற்றியும் ஒரு வார்த்தை. கால்சியத்தில் அதற்கு நிகரான தானியம் இல்லை. நூறு கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். ஆனால் இரும்புக்காக அதை நம்பியிருக்க முடியாது. முருங்கைக்கீரையில் இரும்பு உண்டு. இருப்பதெல்லாம் உடம்பில் சேர்வதில்லை. பருப்போடு கீரையை மசித்து, இறக்கிய பிறகு நாலு சொட்டு எலுமிச்சம்பழம் பிழிந்தால் சேர்வது கூடும். வைட்டமின் சி செய்யும் உதவி அது. நெல்லிக்காய், கொய்யா, தக்காளி எதுவானாலும் சரி. கறி சாப்பிடும் வீடு என்றால் வேலை இன்னும் சுலபம். ஈரலிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பு, செடியிலிருந்து வரும் இரும்பைவிடப் பல மடங்கு நன்றாகச் சேர்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் நன்றாக வெந்த ஈரல் ஒரு சிறு துண்டு, சோற்றோடு பிசைந்தால் போதும். அதற்கு மேல் தேவையில்லை, அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். இதற்கும் மேலே, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரு முறை ஒரு மில்லி இரும்புச்சத்து மருந்து தரும் அரசுத் திட்டம் இருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்டால் கிடைக்கும். கேட்பவர்கள் குறைவு.

சரி, நல்லதாகவே சமைத்து வைத்தோம்; பிள்ளை தொடவில்லை. என்ன செய்வது?

1926இல் கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் யாரும் துணியாத ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். முதலில் கிளீவ்லாண்டில், பிறகு சிகாகோவில். ஆறு முதல் பதினோரு மாதம் வரையான, பாலைத் தவிர வேறு எதையும் ருசி பார்த்திராத குழந்தைகள், மொத்தம் 15 பேர். மருத்துவமனையிலேயே தங்க வைத்து வளர்த்தார்கள். சில பிள்ளைகள் நாலு வயது தாண்டும்வரை. உணவுப் பட்டியலில் 34 பொருள்கள்: பால், புளித்த பால், முட்டை, வாழைப்பழம், ஆரஞ்சு, தக்காளி, கேரட், பீட்ரூட், கீரை, கோதுமை, ஓட்ஸ், மாட்டிறைச்சி, ஈரல், மூளை, எலும்பு மஜ்ஜை, மீன்... ஓரத்தில் கொஞ்சம் உப்பு. ஒவ்வொரு வேளையும் அவற்றில் சிலதைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைப்பார்கள். செவிலியர் கையில் கரண்டியோடு உட்கார்ந்திருப்பார். பிள்ளை கைநீட்டிக் காட்டினால்தான் கரண்டி நகரும். இதைச் சாப்பிடு என்று சொல்லக்கூடாது, முகத்தில்கூடக் காட்டக்கூடாது.

தொடக்கத்தில் சில குழந்தைகள் கிண்ணத்தோடு கரண்டியையும் கடித்துப் பார்த்தன. பிறகு ஆளுக்கொரு விருப்பம் வந்தது. ஒரு பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு அரை லிட்டர் ஆரஞ்சுச் சாறும் ஈரலும். இரவுக்குப் பல முட்டைகள், வாழைப்பழம், பால். எந்த இரண்டு பிள்ளையும் ஒரே மாதிரி சாப்பிடவில்லை. ஒரே பிள்ளையின் விருப்பமும் அவ்வப்போது மாறிக்கொண்டே இருந்தது. சத்துணவு நிபுணர் பார்த்தால் தலையில் கைவைக்கும் பட்டியல். ஆனால் பதினைந்து பேரும் திடமாக வளர்ந்தார்கள். எலும்பு மெலிவோடு வந்த ஒரு குழந்தைக்கு மட்டும் கிண்ணங்களோடு மீன் எண்ணெயும் வைத்தார்கள். நோய் தீரும்வரை விருப்பப்படி குடித்த அந்தப் பிள்ளை, தீர்ந்த பிறகு அதைத் தொடவில்லை.

"குழந்தை உடம்புக்கு எல்லாம் தெரியும், விட்டுவிடுங்கள்" என்று இந்த ஆய்வைச் சுருக்குபவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். சூட்சுமம் பட்டியலில் இருக்கிறது என்று டேவிஸே 1939இல் எழுதினார். அந்த 34இல் சர்க்கரை இல்லை, வெள்ளை மாவுப் பண்டம் இல்லை, டப்பாவில் அடைத்தது எதுவும் இல்லை. எதைத் தொட்டாலும் ஏதோ ஒரு சத்து கிடைக்கும். பதப்படுத்திய தின்பண்டங்களையும் பட்டியலில் சேர்த்து அடுத்த ஆய்வு செய்ய அவர் நினைத்திருந்தார். பொருளாதாரப் பெருமந்தம் வந்து பணம் நின்றுபோனது. அந்தப் பாதியைத்தான் நம் தெருமுனைப் பெட்டிக்கடைகள் இன்று நடத்திக்கொண்டிருக்கின்றன.

டேவிஸின் ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. இன்றைய அளவுகோலில் அது ஒரு குறை. ஆனால் அவர் கண்டதில் ஒரு பகுதியைப் பின்னாளில் லியன் பர்ச் என்ற ஆய்வாளர் எண்ணிக்கையோடு காட்டினார். 1991இல் வந்த ஆய்வு: இரண்டு முதல் ஐந்து வயதுவரையான 15 பிள்ளைகள், ஆறு நாட்கள், தின்றது ஒவ்வொன்றும் எடை போடப்பட்டது. ஒரே வேளையை நாளுக்கு நாள் ஒப்பிட்டால் ஏற்ற இறக்கம் 34 சதவீதம். நாள் மொத்தத்தில் பத்தே சதவீதம். காலையில் இட்லியைத் தட்டிவிட்ட பிள்ளை மதியமோ சாயங்காலமோ கணக்கை நேர்செய்துவிடுகிறது. இடையில் நாம் பிஸ்கட்டை நீட்டாமல் இருந்தால்.

பர்ச் இன்னொன்றும் கண்டார். ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லிக் கொடுத்த குழந்தைகளுக்கு, சில வாரங்களில் அந்தப் பானத்தின் மேலிருந்த பிடித்தம் குறைந்துவிட்டது. பரிசு தந்து ஊட்ட வேண்டிய பொருள் நல்லதாக இருக்க முடியாது என்று பிள்ளை கணக்குப் போடுகிறது போலும். "கீரை சாப்பிட்டா சாக்லேட்" என்று சொல்லும்போது நாம் விளம்பரம் செய்வது சாக்லேட்டுக்குத்தான். செல்போனைக் காட்டி ஊட்டினால் வாய் திறக்கும், உண்மைதான். ஆனால் வயிறு நிறைந்ததைக் கவனிக்கும் பழக்கம் அதற்குள் தேயத் தொடங்கிவிடும்.

புதிய உணவைக் கண்டால் முகம் திருப்புவது இரண்டு வயதை ஒட்டி உச்சத்துக்குப் போகும். நடக்கத் தெரிந்த, ஆனால் விஷக்காய் எது என்று தெரியாத பிள்ளைக்கு இயற்கை போட்ட பூட்டு அது என்று ஒரு விளக்கம் உண்டு. இங்கிலாந்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட இரட்டையர் ஜோடிகளை வைத்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், இந்த அச்சத்தில் பிள்ளைக்குப் பிள்ளை உள்ள வேறுபாட்டில் முக்கால் பங்குக்கும் மேல் மரபுவழி என்று தெரியவந்தது. ஆக, பக்கத்து வீட்டுப் பிள்ளை பாகற்காய் தின்பதில் பக்கத்து வீட்டம்மாவின் சாமர்த்தியம் குறைவு. நம் கையில் இருப்பது பொறுமைதான். ஒரே காயை வற்புறுத்தாமல், சிறு துண்டாக, எட்டு பத்து முறை, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து முறைகூட தட்டில் வைக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது முறையோடு, "அவனுக்கு அது பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் 1980களில் இதையெல்லாம் ஒரு வேலைப்பங்கீடாக வகுத்தார். எதை, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு. சாப்பிடுவதா இல்லையா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. நம் ஊரில் இதைக் கடைப்பிடிப்பது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். நிலாவைக் காட்டி ஊட்டுவது நமக்குப் பாசத்தின் வடிவம். ஊட்டுவதில் தப்பில்லை. வாயை மூடி முகத்தைத் திருப்பியதும் கையை இறக்க வேண்டும், அது ஒன்றுதான்.

பிள்ளைக்கென்று தனி அடுப்பு மூட்டவும் வேண்டாம். வீட்டுக் குழம்பில் மிளகாயும் உப்பும் சேர்க்கும் முன் ஒரு கரண்டி பருப்பையும் காயையும் எடுத்து வைத்தால் சாப்பாடு தயார். இட்லியைப் பிய்த்து அந்தப் பருப்பில் ஊறவைக்கலாம். பொட்டுக்கடலையும் வறுத்த வேர்க்கடலையும் மாவாக அரைத்து வைத்துக்கொண்டு சோற்றிலோ கஞ்சியிலோ தூவலாம். வேர்க்கடலை என்றால் பயப்படுவார்கள். சின்ன வயதிலேயே கொடுத்துப் பழக்கினால் அந்த ஒவ்வாமை வருவது வெகுவாகக் குறைகிறது என்று லண்டனில் 640 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2015இல் காட்டியது. சருமத்தில் கடும் கரப்பான் உள்ள பிள்ளைக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு முட்டையை அடித்து, துருவிய கேரட்டோடு தோசைக்கல்லில் ஊற்றினால் ஐந்து நிமிட வேலை. அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மசித்த வாழைப்பழம் கலந்த தயிர், முள் எடுத்த மீன், குழிப்பணியாரம் எல்லாம் கைக்கு அடக்கமானவை. சர்க்கரை இரண்டு வயது வரை வேண்டாம். கருப்பட்டியும் வெல்லமும் இந்தக் கணக்கில் சர்க்கரைதான்.

மிக்சியில் அரைத்துக் கூழாகவே இரண்டு வயது வரை கொடுப்பதை நிறுத்துங்கள். இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், பத்து மாதத்துக்குள் சிறு கட்டிகள் உள்ள உணவைப் பழகாத பிள்ளைகள் பின்னால் சாப்பாட்டில் அதிகம் முரண்டு பிடித்தார்கள். மெல்லுவது பழகி வர வேண்டிய வேலை. முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, பாப்கார்ன், பெரிய தேங்காய்ச் சில்லு ஆகியவை மட்டும் நான்கைந்து வயது வரை கூடாது, மூச்சுக்குழலை அடைக்கும். ஓடிக்கொண்டே சாப்பிடுவதும் அப்படித்தான்.

தட்டைப் பார்த்துக் கவலைப்படுவதைவிட தராசைப் பார்ப்பது பலன் தரும் என்பதைத் தமிழ்நாடு 1980லேயே செய்து காட்டியிருக்கிறது. மதுரை மாவட்டத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை ஒவ்வொரு பிள்ளையையும் மாதம் ஒரு முறை எடை போட்டு, வளர்ச்சி அட்டையில் கோடாக வரைந்தார்கள். கோடு சரியாக ஏறும் பிள்ளைக்குக் கூடுதல் உணவு இல்லை. தேங்கியவர்களுக்கு மட்டும் தினம் தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்ந்த லட்டு, கோடு நிமிரும்வரை. இன்றும் அங்கன்வாடியில் அந்த வளர்ச்சி அட்டை இருக்கிறது. இரண்டு மூன்று மாதம் எடை ஏறவே இல்லை, அல்லது இறங்குகிறது, பிள்ளை வெளிறித் துவண்டு இருக்கிறது, விழுங்கத் திணறுகிறது என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். கோடு ஏறிக்கொண்டிருந்தால், மதியம் நாலு வாயோடு எழுந்து போன பிள்ளையைத் துரத்த வேண்டியதில்லை.

காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்த நாட்களில் பசி போவது சகஜம். அப்போது தாய்ப்பாலும் நீராகாரமும் அடிக்கடி கொடுத்து, கேட்கும் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும். நோய் விட்ட பிறகு வரும் இரண்டு வாரம் முக்கியமானது. விட்டுப்போன எடையைப் பிடிக்க உடம்பே அதிகம் கேட்கும். அந்த நாட்களில் வழக்கமான வேளைகளோடு இன்னொரு வேளை சேர்த்து, ஒவ்வொரு கிண்ணத்திலும் கூட ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விடுங்கள்.